இழுவைப் படகு மாதிரியில் விளக்குகளும் இயங்கும் உறுப்புகளும்: கம்பிகளை எப்படிப் பிரிப்பது?

நீரோட்டம் எழுதியது:

வணக்கம். 1:40 அளவில் ஓர் இழுவைப் படகின் மாதிரியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அசல் படகின் நீளம் 30 மீட்டர் என்பதால் மாதிரி 75 சென்டிமீட்டர் வருகிறது. உடற்பகுதி முடிந்துவிட்டது; இரண்டு புரொப்பல்லர்களையும் மோட்டார்களையும் சுக்கான்களையும் பொருத்தித் தண்ணீரில் விட்டும் பார்த்தாயிற்று. மேல்தளத்தை இன்னும் ஒட்டவில்லை. சுக்கான் அறையும் மாஸ்ட்டும் தனித்தனியாக மேசைமீது இருக்கின்றன. கம்பிகளை எந்த வழியாகக் கொண்டுசெல்வது என்பதை இப்போதே தீர்மானித்தாக வேண்டும், ஏனெனில் தளத்தை ஒட்டிய பிறகு கையை உள்ளே நுழைக்க இடமிருக்காது.

வழிகாட்டு விளக்குகள் எரிய வேண்டும், ரேடார் சுழல வேண்டும், தீயணைப்புப் பீரங்கி தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும், பின்தளத்தின் வேலை விளக்குகளைத் தனியாக ஏற்றி அணைக்க முடிய வேண்டும் என்பவை என் விருப்பங்கள். மோட்டார்களுக்காக 12 வோல்ட் ஜெல் பேட்டரி ஒன்று வைத்திருக்கிறேன். ரேடியோ கட்டுப்பாட்டின் ரிசீவரில் ஆறு சானல்கள் உள்ளன; இரண்டு ஸ்பீடு கன்ட்ரோலர்களுக்கும் சுக்கானுக்கும் போக மூன்று மீதமிருக்கின்றன.

மாஸ்ட் விளக்குகள் ஒரு சுற்று, சுக்கான் அறை விளக்குகள் ஒரு சுற்று, தள விளக்குகள் ஒரு சுற்று என்று இடவாரியாகப் பிரித்து, மூன்று சானல்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். இது சரியான முறைதானா? எல்.இ.டி.களுக்கு எவ்வளவு மதிப்புள்ள ரெசிஸ்டர் போடுவது, 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள மாஸ்ட்டுக்குள் இத்தனை கம்பிகளையும் எப்படி அடக்குவது, ரேடாரின் அச்சுத் தண்டும் அதே வழியாகத்தான் போக வேண்டுமா என்பவற்றையும் விளக்கினால் நன்றியுடையவனாவேன். தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடு இந்த அளவுள்ள படகில் உருப்படியாக அமையுமா, அல்லது வீண் வேலையா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கலங்கரை எழுதியது:

நண்பரே, மற்ற கேள்விகளுக்குப் பிறகு வருவோம். விளக்குகளை இடவாரியாகப் பிரிக்கும் எண்ணத்தை மட்டும் முதலில் கைவிட்டுவிடுங்கள். ஒரு கப்பல் என்ன செய்துகொண்டிருக்கிறது, எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறது என்பதை இருளில் மற்றவர்களுக்குத் தெரிவிப்பதற்கே அதன் வழிகாட்டு விளக்குகள் இருக்கின்றன. எந்த நிலையில் எவை எரிய வேண்டும் என்பதை 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்புப் பன்னாட்டு விதிகள் வரையறுத்திருக்கின்றன. மாஸ்ட்டில் உள்ள எல்லா விளக்குகளையும் ஒரே சுவிட்சில் எரியவிட்டால், "நான் இழுத்துச் செல்கிறேன், நங்கூரமிட்டு நிற்கிறேன், கட்டுப்பாட்டையும் இழந்துவிட்டேன்" என்று ஒரே மூச்சில் மூன்றையும் சொல்லும் படகாகிவிடும். கப்பலில் பணியாற்றிய எவரேனும் கரையில் நின்று பார்த்தால், உங்கள் கைவேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அவர் கண்ணில் படப்போவது அதுதான்.

ஆகவே சுற்றுகளை நிலைவாரியாகப் பிரியுங்கள். 50 மீட்டருக்குக் குறைந்த உங்கள் படகு தனியாக ஓடும்போது, மாஸ்ட்டில் முன்நோக்கிய வெள்ளை விளக்கு ஒன்று, வலப்புறம் பச்சை, இடப்புறம் சிவப்பு, பின்புறம் வெள்ளை ஆகிய நான்கு மட்டுமே எரியும். பின்னால் ஒரு கப்பலையோ மிதவையையோ இழுத்துச் செல்லும்போது மாஸ்ட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகள் எரிய வேண்டும். படகின் பின்முனையிலிருந்து இழுக்கப்படுவதன் பின்முனை வரையிலான தூரம் 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று. அத்துடன் பின்புற வெள்ளை விளக்குக்கு நேர்மேலே ஒரு மஞ்சள் விளக்கும் சேர்ந்துகொள்ளும். அதே படகு ஒரு கப்பலை முன்னால் தள்ளிக்கொண்டோ பக்கவாட்டில் அணைத்துக்கொண்டோ போனால் மாஸ்ட்டில் இரண்டு வெள்ளை உண்டு, மஞ்சள் கிடையாது. துறைமுக இழுவைப் படகுகள் பல நேரம் தள்ளும் வேலையில்தான் இருக்கின்றன. ஆகவே மஞ்சள் விளக்கை இரண்டாவது மாஸ்ட் விளக்குடன் சேர்த்துக் கட்டாமல் தனிக் கம்பியில் கொண்டுவருவது நல்லது. நங்கூரமிட்டு நிற்கும்போது இவை அனைத்தும் அணைந்து, எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று மட்டும் எரியும். இயந்திரம் பழுதாகிக் கட்டுப்பாட்டை இழந்த நிலையில் எல்லாத் திசையிலும் தெரியும் இரண்டு சிவப்பு விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக எரியும். அப்போது மாஸ்ட்டின் வெள்ளை அணைந்திருக்க, படகு தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்தால் மட்டும் பக்க விளக்குகளும் பின்புற விளக்கும் எரியும்.

கணக்கிட்டுப் பார்த்தால் ஆறு சுற்றுகள் வருகின்றன: பக்க விளக்குகளும் பின்புற விளக்கும் சேர்ந்து ஒன்று, முதல் மாஸ்ட் விளக்கு, இரண்டாவது மாஸ்ட் விளக்கு, மஞ்சள், நங்கூர விளக்கு, இரட்டைச் சிவப்பு. இவற்றுக்கு ஆறு சானல்கள் தேவையில்லை. ரிசீவரின் ஒரே சானலை ஆர்டுயினோ நானோ போன்ற, நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகையில் கொடுத்துவிடலாம். சானலில் வரும் துடிப்பின் அகலம் ஏறத்தாழ 1 மில்லி வினாடியிலிருந்து 2 மில்லி வினாடி வரை மாறும். அதை அளந்து, மூன்று நிலைச் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பலகை கண்டுகொள்ளும். சுவிட்சை ஒருமுறை தட்டுவதா, இருமுறை தட்டுவதா என்பதை வைத்து மேலும் சில நிலைகளைச் சேர்க்கலாம். ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரை பாதுகாப்பாக எடுக்கலாம் என்பதால் மூன்று நான்கு சிறிய எல்.இ.டி.களை டிரான்சிஸ்டர் இல்லாமல் நேரடியாகவே இணைக்கலாம். பின்தள வேலை விளக்குகளுக்கு ஒரு சானல், பம்ப்புக்கு ஒரு சானல் என்று மீதமுள்ள இரண்டும் சரியாகப் பொருந்திவிடுகின்றன.

கோணங்களையும் கவனியுங்கள், ஏனெனில் மாதிரிகளில் பெரும்பாலும் கோட்டை விடப்படும் இடம் இதுதான். மாஸ்ட் விளக்கு 225 பாகை வளைவுக்கு மட்டுமே தெரிய வேண்டும். அதாவது நேர்முன்னாலிருந்து இரு பக்கமும், படகின் குறுக்குக் கோட்டுக்குப் பின்னால் 22.5 பாகை வரை. பக்க விளக்குகள் ஒவ்வொன்றும் 112.5 பாகை. பின்புற விளக்கும் மஞ்சள் விளக்கும் 135 பாகை. இரண்டு பக்க விளக்குகளின் வளைவுகளைக் கூட்டினால் 225, அதனுடன் 135 சேர்ந்தால் 360. இருட்டறையில் மாதிரியைச் சுற்றி நடந்தால், மாஸ்ட் விளக்கும் பக்க விளக்கும் மறையும் அதே இடத்தில் பின்புற விளக்கு தோன்ற வேண்டும். நேர்முன்னால் நிற்கும்போது மட்டும் பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரியும்.

பித்தளைக்குழாய் எழுதியது:

கலங்கரை சொன்ன பிரிப்பு முறையை வைத்துக்கொண்டே செய்முறைக்கு வருகிறேன்.

முதலில் மின்சாரம். மோட்டாருக்கான பேட்டரியிலிருந்தே எடுக்கலாம். ஆனால் விளக்குகளுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுக்காமல், 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் சிறிய பக் கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் வையுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி 12.7 வோல்ட் அளவில் நிற்கும். ஓட ஓட இறங்கும். மோட்டார் திடீரென்று இழுக்கும்போது இன்னும் சரியும். வேலை விளக்குகளுக்காக மூன்று வெள்ளை எல்.இ.டி.களைத் தொடராக இணைத்து 12 வோல்ட்டில் போட்டால், அவையே 9 வோல்ட் அளவு எடுத்துக்கொள்ள, ரெசிஸ்டரின் பங்குக்கு 3.7 வோல்ட்தான் மிஞ்சும். பேட்டரி 11.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது அந்த 3.7 என்பது 2.5 ஆகிவிடுகிறது, மின்னோட்டமும் அதே விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து, விளக்கு மங்குவது கரையிலிருந்தே தெரியும். பக் கன்வெர்ட்டர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆர்டுயினோவுக்கும் அதே 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொள்ளலாம்.

ரெசிஸ்டர் கணக்கு எளிது. கொடுக்கும் வோல்ட்டிலிருந்து எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் வோல்ட்டைக் கழித்து, வேண்டிய மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் ஏறத்தாழ 2 வோல்ட், வெள்ளையும் இன்றைய பச்சையும் ஏறத்தாழ 3 வோல்ட் எடுக்கும். 5 வோல்ட்டில் 3 மில்லி ஆம்பியர் வேண்டுமானால் சிவப்புக்கு 1 கிலோ ஓம், வெள்ளைக்கு 680 ஓம். எல்.இ.டி.யின் விவரத்தாளில் 20 மில்லி ஆம்பியர் என்று இருப்பதைப் பார்த்து அவ்வளவையும் கொடுத்துவிடாதீர்கள். 1:40 மாதிரியில் அது கண்ணைக் கூசவைக்கும், விளக்கைத் தாங்கும் கூண்டின் வடிவமே தெரியாமல் போகும். அதிலும் பச்சை எல்.இ.டி. அதே மின்னோட்டத்தில் சிவப்பைவிடப் பல மடங்கு பளிச்சென்று தெரியும். நான் பச்சைக்கு 4.7 கிலோ ஓமில் தொடங்கி, இருட்டில் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏற்றி இறக்குவேன். ஒவ்வோர் எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் இருக்கட்டும். இரண்டை இணையாகக் கட்டி ஒரே ரெசிஸ்டரில் விட்டால், வோல்ட்டில் சற்றே குறைந்தது மின்னோட்டத்தை அதிகமாக இழுத்துக்கொண்டு பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் எரியும்.

மாஸ்ட்டுக்குள் கம்பிகள் அடங்குமா என்று கேட்டிருந்தீர்கள். பித்தளைக் குழாயில் மாஸ்ட் செய்தால் தாராளமாக அடங்கும், ஏனெனில் மாஸ்ட்டையே எல்லா விளக்குகளுக்கும் பொதுவான எதிர்முனையாக்கிவிடலாம். மாஸ்ட்டில் வரும் விளக்குகள் வெள்ளை இரண்டு, சிவப்பு இரண்டு, நங்கூர விளக்கு ஒன்று, ஆக ஐந்துதான். ஒவ்வொன்றின் எதிர்முனைக் காலையும் குழாயின்மீதே பற்றவைத்துவிட்டால் உள்ளே போக வேண்டியவை ஐந்து நேர்முனைக் கம்பிகள் மட்டுமே. அவற்றுக்கு 0.15 மில்லிமீட்டர் எனாமல் பூசிய செப்பு வைண்டிங் கம்பி போதும். மீட்டருக்கு ஏறத்தாழ 1 ஓம் தடைதான் என்பதால் 3 மில்லி ஆம்பியருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ரெசிஸ்டர்களை மாஸ்ட்டில் வைக்காமல் கீழே உடற்பகுதிக்குள் ஒரு சிறு பலகையில் வரிசையாகப் பற்றவைத்துவிடுங்கள். பிறகு ஏதேனும் ஒரு விளக்கின் பளிச்சைக் குறைக்க விரும்பினால் மாஸ்ட்டைத் தொடாமலே ரெசிஸ்டரை மாற்றிக்கொள்ளலாம். குழாயில் துளையிட்ட இடங்களின் உள்விளிம்பைக் கூம்பு முனையுள்ள அரத்தால் நன்றாக மழுக்க வேண்டும். இல்லையேல் கம்பியை இழுக்கும்போதே எனாமல் சீவப்பட்டு, சில நாள் ஓடிய பின் ஒரு விளக்கு அணையாமல் விட்டுவிட்டு மினுக்கும், காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும். துளையில் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய உறைக்குழாயைச் செருகிவிடுவது இன்னும் பாதுகாப்பானது.

இரண்டு மாஸ்ட் விளக்குகளுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். 20 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் செங்குத்து வரிசை விளக்குகளுக்கிடையே குறைந்தது 2 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் அளவில் அது 50 மில்லிமீட்டர். சிவப்பு இரண்டுக்கும் இதே இடைவெளிதான்.

இனி விளக்கின் உடல். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள தெளிந்த அக்ரிலிக் தண்டில் 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். அதன் மேல்முகத்தின் நடுவில், துரப்பண முனையை விரல்களுக்கிடையே பிடித்துத் திருப்பி ஒரு கூம்புக் குழி செய்யுங்கள். கீழ்முகத்தில் 0603 என்ற மிகச் சிறிய அளவுள்ள எல்.இ.டி.யை மேல்நோக்கி ஒட்டினால், அதன் ஒளி தண்டு வழியாக ஏறி, குழியின் சரிவில் பட்டுத் திரும்பிப் பக்கவாட்டில் எல்லாத் திசையிலும் பரவும். அசல் விளக்கின் கண்ணாடி ஒளிர்வதைப் போலவே தெரியும். எல்.இ.டி.யை நேரடியாக வெளியே தெரியும்படி வைத்தால் ஒளிப்புள்ளி மட்டும் குத்தும், விளக்கு தெரியாது. அந்தத் தண்டின் சுற்றளவு 9.4 மில்லிமீட்டர். மாஸ்ட் விளக்கில் 135 பாகையை மறைக்க வேண்டுமானால் பின்பக்கம் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்கு முதலில் வெள்ளியும் அதன்மேல் கறுப்பும் பூச வேண்டும். வெள்ளி இல்லாமல் கறுப்பை மட்டும் பூசினால் பாதி ஒளியை அதுவே விழுங்கிவிடும். மேல்முகத்துக்கு ஒரு சிறு பிளாஸ்டிக் தட்டை மூடியாக ஒட்டிவிடுங்கள். பக்க விளக்குகளின் உட்புறத் தடுப்புப் பலகைக்கு மட்டும் பளபளப்பில்லாத கறுப்பு வேண்டும்; அசலிலும் விதி அப்படித்தான் சொல்கிறது.

இவற்றை ஒட்டுவதற்குச் சூப்பர் க்ளூவைப் பயன்படுத்த வேண்டாம். அதன் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கின்மேல் வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும். சுக்கான் அறையின் கண்ணாடிகளுக்கும் இதுவே பொருந்தும். எபாக்ஸியோ, காய்ந்தபின் தெளிந்துவிடும் வெள்ளைப் பசையோ போதும்.

சுக்கான்பிடி எழுதியது:

ரேடாரைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு மாற்றுக் கருத்து. ஆர்டுயினோவில் எழுதிப் பழக்கமில்லாதவருக்கு இந்த விளக்குத் திட்டம் ஒரு சர்வோவும் (ரிசீவர் சொல்லும் கோணத்துக்குக் கையைத் திருப்பும் சிறு மோட்டார்) சில நுண் சுவிட்சுகளும் இருந்தால் முடிந்துவிடக்கூடியது. சர்வோவின் கையில் மேடுபள்ளமான விளிம்புள்ள ஒரு கேம் தகட்டைப் பொருத்தி, அது திரும்பும்போது ஒவ்வொரு சுவிட்சையும் அழுத்தும்படி செய்யலாம். எதுவும் பழுதானால் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். நிரல் ஒன்றை எழுதிவிட்டு இரண்டாண்டு கழித்துத் திறந்து பார்க்கும்போது எதை எதற்காக எழுதினோம் என்று விழிக்க வேண்டியதில்லை.

ரேடாரின் தண்டு மாஸ்ட்டுக்குள் போக வேண்டிய கட்டாயம் இல்லை. பல இழுவைப் படகுகளில் ரேடார் மாஸ்ட்டின் முன்புறம் நீட்டிய ஒரு தாங்கியின்மேல் இருக்கிறது. உங்கள் படகின் வரைபடத்தில் அப்படி இருந்தால் தாங்கியின் கீழேயே தனியாக ஒரு மெல்லிய குழாயைச் சுக்கான் அறையின் கூரை வரை இறக்கிவிடலாம். 1.5 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய், அதற்குள் 0.8 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி, கீழே கியர் மோட்டார். கம்பியையும் மோட்டாரின் தண்டையும் ஒரு துண்டுச் சிலிக்கான் குழாயால் இணையுங்கள். நேர்க்கோடு சற்றே தவறினாலும் அது பொறுத்துக்கொள்ளும், மோட்டாரின் இரைச்சலும் கூரைத் தகட்டுக்குப் பரவாது. இந்த இரைச்சலை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. வெற்றுப் பெட்டியான சுக்கான் அறை அதைப் பெருக்கிக் காட்டும்போதுதான் தெரியும்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல் ரேடார்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 24 சுற்றுகள் சுழல்பவை. மாதிரிக் கணக்கில், அலையின் அசைவு அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வேகமாகிறது. 1:40இல் அது 6.3 மடங்கு. அந்தக் கணக்கை ரேடாருக்கும் போட்டு நிமிடத்துக்கு 150 சுற்றுகள் சுழலவிடுபவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பவருக்கு மின்விசிறி நினைவுதான் வரும். கண்ணுக்கு ஏற்றது 24 அல்லது சற்றுக் குறைவு. 12 வோல்ட்டில் 60 சுற்று என்று குறிக்கப்பட்ட கியர் மோட்டாரை உங்கள் 5 வோல்ட்டில் இணைத்தால் ஏறத்தாழ 25 சுற்றுகள் கிடைக்கும், இரைச்சலும் குறையும்.

தீயணைப்புப் பீரங்கி வீண் வேலை அல்ல. இழுவைப் படகில் எல்லாரும் நின்று பார்ப்பது அதைத்தான். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, அடித்தளத்தில் வையுங்கள். தண்ணீர் தானாகவே அதற்குள் நிரம்பிக்கொள்ளும். உறிஞ்சும் துளைக்கு மெல்லிய வலை போடாவிட்டால் ஒரே ஓர் இலைத்துண்டு போதும், முனை அடைத்துக்கொள்ளும். கார் கண்ணாடியைக் கழுவும் பம்ப்பைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது சில வினாடிகள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது, தண்ணீரில்லாமலோ தொடர்ச்சியாகவோ ஓட்டினால் சூடேறிப் போய்விடும். தொடர்ந்து பீய்ச்ச விரும்பினால் சிறிய கியர் பம்ப் வாங்குங்கள். முனையின் துளை 1.5 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 1 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் வினாடிக்கு 9 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியேறும். அதன் எதிர்விசை ஏறத்தாழ 16 கிராம் எடைக்குச் சமம். சிறியதாகத் தோன்றினாலும், மோட்டாரை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் பீய்ச்சினால் படகு மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்து திரும்புவதைப் பார்ப்பீர்கள். அசல் படகிலும் பீரங்கி இயங்கும்போது படகை ஓரிடத்தில் நிறுத்திவைக்கப் புரொப்பல்லர்களை இயக்கிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆகவே இதுவும் பார்க்க அழகாகவே இருக்கும்.

எடையை மறக்க வேண்டாம். அசல் படகின் இடப்பெயர்ச்சி, அதாவது மிதக்கும்போதுள்ள மொத்த எடை, 600 டன் என்று வைத்தால், 40இன் கனமான 64,000ஆல் வகுத்து, மாதிரிக்கு 9.4 கிலோ வருகிறது. அடியில் பேட்டரி இருப்பதால் பம்ப்பும் கியர் மோட்டாரும் சேர்த்த எடை அந்த வரம்புக்குள் அடங்கும். ஆனால் கூரைக்கு மேலே வைக்கும் ஒவ்வொரு கிராமும் படகு சாயும்போது வேறு கணக்குப் போடும். ரேடார் மோட்டாரைக் கூரைக்குள் வைக்காமல் தளத்துக்குக் கீழே இறக்க முடிந்தால் இறக்குங்கள்.

கலங்கரை எழுதியது:

சுக்கான்பிடியின் சர்வோ முறை வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை. ஆறு சுற்றுகளுக்கும் நான்கைந்து நிலைகளுக்கும் கேம் தகடு வெட்டுவது என்னைப் பொறுத்தவரை நிரலைவிடக் கடினமான வேலை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பல ரிசீவர்களில், தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு சானலும் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே அமைக்கலாம். சில ரிசீவர்கள் துடிப்பு அனுப்புவதையே நிறுத்திவிடும். இரண்டையும் ஆர்டுயினோ கண்டுகொள்ளும். அரை வினாடிக்கு மேல் ஒழுங்கான துடிப்பு வரவில்லையென்றால் இரட்டைச் சிவப்பை ஏற்று என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். கட்டுப்பாட்டை இழந்த படகு, தான் கட்டுப்பாட்டை இழந்துவிட்டதைத் தானே அறிவிக்கும். அது நடிப்பும் அல்ல, உண்மையிலேயே அப்போது உங்கள் கையில் படகு இல்லை. கரையிலிருந்து மோட்டார் பழுதா, தொடர்பு பழுதா என்பதைத் தெரிந்துகொள்ளவும் இது உதவும்.

மோட்டார்களின் தூரிகைகள் எழுப்பும் மின் இரைச்சல் ஆர்டுயினோவைக் குழப்பாமலிருக்க, ஒவ்வொரு மோட்டாரின் முனைகளுக்கிடையே ஒன்றும், ஒவ்வொரு முனையிலிருந்து உடல் உறைக்கு ஒன்றுமாக, மூன்று 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர்களைப் பற்றவைத்துவிடுங்கள். பேட்டரியின் நேர்முனைக்கு வெகு அருகில் ஒரு ஃபியூஸ் இருக்கட்டும்.

நீரோட்டம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நிலைவாரிப் பிரிப்பையும் ஆர்டுயினோவையும் ஏற்றுக்கொள்கிறேன். ரேடாருக்கு என் வரைபடத்தில் முன்புறத் தாங்கிதான் இருக்கிறது என்பதால் அந்தச் சிக்கலும் தீர்ந்தது. இன்னும் இரண்டு ஐயங்கள். சுக்கான் அறைக்குள் வெள்ளை எல்.இ.டி. ஒன்றைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்தபோது, 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சுவர் முழுவதும் விளக்குக் கூண்டு போல ஒளிர்ந்தது. மூலைகளிலும் கூரை ஓரத்திலும் கோடு கோடாக ஒளி கசிகிறது. இதை எப்படித் தடுப்பது? மேலும், சுக்கான் அறையைக் கழற்றி எடுத்தால்தான் பேட்டரியை மாற்ற முடியும். அப்போது இத்தனை கம்பிகளையும் என்ன செய்வது?

கலங்கரை எழுதியது:

சுக்கான் அறைக்குப் பளிச்சென்ற விளக்கே வேண்டாம். இரவில் ஓடும் கப்பலின் சுக்கான் அறை இருட்டாகத்தான் இருக்கும். உள்ளே வெளிச்சம் இருந்தால் கண்ணாடியில் தன் முகமே எதிரொளித்து, வெளியே எதுவும் தெரியாது. கருவிகளின் மங்கலான ஒளியும், வரைபட மேசைக்கு மேல் மிகக் குறைந்த சிவப்பு வெளிச்சமும் மட்டுமே இருக்கும். 22 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் ஒரு சிவப்பு எல்.இ.டி.யைக் கருவி மேசைக்குக் கீழ் ஒளித்து வைத்தால் அந்த உணர்வு வந்துவிடும். கீழ்த்தள அறைகளின் வட்டச் சன்னல்களுக்கு மஞ்சள் கலந்த வெள்ளை எல்.இ.டி. பொருத்தமானது. பின்தள வேலை விளக்குகளையும் எப்போதும் எரியவிட வேண்டாம்; வழிகாட்டு விளக்குகளோடு குழப்பக்கூடிய, அல்லது அவை தெரிவதைக் கெடுக்கக்கூடிய வேறு விளக்குகளைக் காட்டக் கூடாது என்று அதே விதிகளில் இருக்கிறது. கயிற்றைக் கட்டும்போது ஏற்றி, புறப்படும்போது அணைத்தால் அசலைப் போலவே இருக்கும்.

பித்தளைக்குழாய் எழுதியது:

ஒளிக் கசிவுக்கு, உட்சுவரில் முதலில் இரண்டு பூச்சுக் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் பூசுங்கள்; கறுப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளை அதை அறைக்குள் பரப்பும். வட்டச் சன்னல் அறைகளுக்கு இது கட்டாயம். வெளிப்புறத்தில் எத்தனை பூச்சுப் பூசினாலும் வெள்ளை வண்ணம் மட்டும் ஒளியை முழுதாக மறைக்காது. மூலைகளின் உட்புறத்தில் சதுர வெட்டுள்ள பிளாஸ்டிக் தண்டை ஒட்டி, இணைப்பை அகலமாக்கிவிட்டுப் பிறகு பூசுங்கள். கூரை கழற்றக்கூடியதாக இருந்தால், சுவரின் மேல்விளிம்புக்குள் 3 மில்லிமீட்டர் இறங்கும்படி கூரையின் அடியில் ஓர் உதடு அமைத்துவிட்டால் ஒளி நேராக வெளியேற வழியில்லை. இவை எல்லாம் முடிந்து, இருட்டறையில் ஒருமுறை எரியவைத்துப் பார்த்துத் திருப்தியான பிறகே கண்ணாடிகளைப் பொருத்துங்கள்.

கம்பிகளுக்கு, 2.54 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள முள் இணைப்பான்களில் எட்டு முள் கொண்டது ஒன்று போதும். நிலையான பாதியைத் தளத்தின் விளிம்பில் எபாக்ஸியால் ஒட்டி, மற்ற பாதியைச் சுக்கான் அறையின் அடியில், அறையைத் தளத்தில் அமர்த்தும்போது தானாகவே செருகிக்கொள்ளும் நிலையில் பொருத்தலாம். ஆனால் இரண்டும் மிகத் துல்லியமாக நேர் நிற்க வேண்டும் என்பதால், நான் 12 சென்டிமீட்டர் தொங்கு கம்பியை விட்டு, கையால் செருகும் முறையையே விரும்புகிறேன். எட்டு முட்களில் ஐந்து மாஸ்ட்டுக்கு, ஒன்று பொது எதிர்முனைக்கு, ஒன்று சுக்கான் அறையின் சிவப்புக்கு. மீதமுள்ள எட்டாவது முள்ளைப் பிடுங்கிவிட்டு, அதற்கு எதிரான துளையைப் பசையால் அடைத்துவிட்டால் இணைப்பானைத் தலைகீழாகச் செருக முடியாது. பக்க விளக்குகள் சுக்கான் அறையின்மேல் இருந்தால் பத்து முள் கொண்டதை வாங்குங்கள். பீரங்கி அறையின் கூரைமேல் வருவதாக இருந்தால் அதன் தண்ணீர்க் குழாயையும் அதே இடத்தில் சிலிக்கான் குழாயால் இணையுங்கள். ஆனால் முள் இணைப்பானுக்கு நேர்மேலே அந்த இணைப்பு வராதபடி, குறைந்தது அறையின் எதிர் ஓரத்துக்காவது தள்ளி வையுங்கள். பற்றவைத்த இடங்கள் அனைத்துக்கும் தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால், தளத்தில் தெறித்து உள்ளே வழியும் நீரால் பித்தளையும் செம்பும் பச்சை பிடிக்காமல் இருக்கும்.